பஸ் ஸ்டாண்டு முக்குல ஒரு பள்ளம்

சன்னலோரம் நீயே உக்காந்துக்க அம்மிணி. எனக்கு மூஞ்சில காத்து அடிச்சா ஆகாது. ஈரோடுதான போற? நானும் ஈரோடு போயி அங்கிருந்து இன்னொரு பஸ்ஸு புடிக்கோணும். கரட்டுப்பாளையம். நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. சாயப்பட்டறை ஊரு, துணிக்குச் சாயம் போடற ஊரு. என்ற தம்பியே ஒரு பட்டறை வெச்சிருக்கான். பெரிய பட்டறை.

மடியில என்ன புஸ்தகம்? பிசிக்ஸா. அப்ப டீச்சருக்குப் படிக்கறயாக்கும். என்ற மகளும் பிசிக்ஸ் டீச்சருதான். எங்கூர்ல கவருமெண்டு பள்ளிக்கோடத்துல இருந்தா. இப்ப தர்மபுரில ஒரு பிரைவேட்டு ஸ்கூல்ல இருக்கறா. அவளப் பாத்துப்போட்டுத்தான் வர்றேன். பாத்தேன்னு சொல்ல முடியாது. போய்ப்போட்டு வர்றேன், அவ்வளவுதான்.

தாரணின்னு பேரு. ஒரே புள்ள. அவங்கப்பன் அவ ஒம்பதாவது படிக்கறப்பவே போய்ச் சேந்துட்டாரு. கிட்னி ரெண்டும் போச்சு. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது அம்மிணி, பீடி கெடையாது, தண்ணி கெடையாது. எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணிதான் குடிப்பாரு. வேற தண்ணி அவருக்குத் தொண்டைல எறங்காது. தோட்டம் என்ற தம்பி பட்டறைக்குக் கீழ்ப்பக்கம், பள்ளத்துல இருக்குது. நல்ல கெணறு. அந்தக் காலத்துல கல்லுக்கட்டு. எல்லாம் விதி. அவரு போன பொறவு எங்களத் தாங்குனது என்ற தம்பி நாச்சிமுத்துதான். புள்ளயப் படிக்க வெச்சான், பண்டிகைக்குப் பண்டிகை துணி எடுத்தான், எங்கூட்டுக்குக் குடிக்கத் தண்ணி கேன் தெனமும் ஆளுகிட்டக் குடுத்துத் தாட்டி உடுவான். இன்னிக்கி வரைக்கும் வருது. 'அக்கா, நீ அந்தக் கெணத்துத் தண்ணியத் தொடாத'ன்னு சத்தியம் வாங்காத கொறையாச் சொல்லிப்போட்டான். பாசக்காரன்.

இவ என்ன பண்ணுனா தெரியுமா? ரோட்டுல படம் வரைஞ்சா.

சிரிக்காத. கோலமில்ல அம்மிணி. நடந்து போற எடத்துல பெயிண்ட்டுல படம் வரைவா, ஒரு எடத்துல நின்னு பாத்தா ரோடே பொளந்து உள்ளாற ஒரு ஒலகம் தெரியும். கிட்டப் போயிப் பாத்தா தலயும் புரியாது காலும் புரியாது. ரப்பராட்ட இழுத்து உட்ட கோடுதான். ரெண்டு மஞ்சப் பாதம் வரைஞ்சு வெச்சிருப்பா. அது மேல நின்னு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாக்கோணும். மூளை ஏமாந்து போகுமாம். கிட்ட இருக்கறது பெருசாவும் தூர இருக்கறது சிறுசாவும் கண்ணுக்குத் தெரியுமில்ல, அதைத் திருப்பிப் போட்டு வரைஞ்சா, தட்டையா இருக்கறது பள்ளமாத் தெரியுமாம். உனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அவ எத்தனையோ தடவ சொன்னா. எனக்கென்னத்துக்கு அது.

முக்காலியப் போட்டு அதுல ஒரு குச்சிய நட்டு, குச்சி நுனியில நூலக் கட்டுவா. அந்த நுனிதான் கண்ணாம். நூலு நெலத்துல எங்க தொடோணுமோ அங்கெல்லாம் சுண்ணாம்புல புள்ளி வெப்பா. பொறவு வெயில்ல மண்டி போட்டுக்கிட்டு பெயிண்ட்டு அடிக்கறதுதான். கன்னிப் பொண்ணு, டீச்சரு, நடுரோட்டுல மண்டி போட்டுக்கிட்டு. ஞாயித்துக்கெழமையானா இதே சோலி.

'என்னத்துக்குடி இது'ன்னு கேட்டேன்.

'அம்மா, கிளாசுக்குள்ளாற சொன்னா நாப்பது புள்ளைங்க கேக்கும். அதும் பரிச்சைக்கு. பஸ்ஸுக்கு நிக்கற சனத்துக்கு ஆரு சொல்றது? அவங்களும் சும்மாதான நிக்கறாங்க'ன்னா.

மொதப் படம் கொசு. பஸ் ஸ்டாண்டு முக்குல, கக்கூசுக்குப் போற வழியில. பாதத்து மேல நின்னா தரைக்குள்ளாற ஒரு தண்ணித் தொட்டி, அதுல கொசுப்புழு ஒவ்வொண்ணும் மனுசன் நீளத்துக்குத் தலகீழாத் தொங்குது. பூக்காரச் செல்லாயா பாத்துப்போட்டு, கூடையத் தலையில வெச்சபடியே ரெண்டடி பின்னால போனா. 'எங்கூட்டுத் தொட்டியிலயும் இதுதான் இருக்குதா கண்ணு'ன்னு கேட்டா. இவ பக்கத்துல நின்னு எல்லாஞ் சொன்னா. அன்னிக்கி ஊரே தொட்டியக் கழுவுச்சு. நான் நாலு பேருத்துக்கிட்ட 'என்ற மகதான்'னு சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன், பெருமையாத்தான் இருந்துச்சு.

ரெண்டாவது, டீக்கடை வாசல்ல நெஞ்சுக்கூடு. நுரையீரல உள்ளாற எறங்கிப் பாக்கற கெணறாட்ட வரைஞ்சிருந்தா, சுவரெல்லாம் கரி. பீடி குடிக்கறவங்க அதுக்கு மேல நின்னு குடிக்கக் கூசிக்கிட்டு அக்கட்டால போயி நின்னு குடிச்சாங்க. என்ற தம்பிதான் பெயிண்ட்டெல்லாம் வாங்கிக் குடுத்தது. பட்டறை பேரு போட்டு பேனரும் கட்டுனான். 'என்ற மருமக ஊருக்கே வாத்தியாரு'ன்னு சொல்லுவான். 'மருமக'ன்னு சும்மா சொல்றதில்ல. அவன் மகன் கௌசிக்குக்குத்தான் இவளக் கட்டறதுன்னு சின்னதுலயே பேச்சு. மொற மாப்பிள்ள. தங்கமான பையன், பட்டறைய அவன்தான் பாத்துக்கறான்.

இதோட நிறுத்தியிருந்தா இந்நேரம் நான் பேரனத் தூக்கிக்கிட்டு இருப்பேன்.

மூணாவது படம் மாரியம்மன் பொங்கலுக்கு. பண்டிகைக்கு ஊரு முச்சூடும் பஸ் ஸ்டாண்டுக்கு வருமில்ல, அதுக்குன்னு. ஒரு வாரமாச் சாக்கப் போட்டு மறைச்சுக்கிட்டு வரைஞ்சா. ஆருக்கும் காட்டல. தெறக்கறதுக்குத் தம்பியத்தான் கூப்பிட்டா. 'மாமாதாம்மா தெறக்கோணும்'னா. எனக்குக் குளுந்து போச்சு. பெரியவங்கள மதிக்கறாளேன்னு.

தம்பி வேட்டி சட்டையில வந்தான். கூட்டம்னா கூட்டம். சாக்க உருவுனாங்க. தம்பி பாதத்து மேல போயி நின்னான். அவன் நல்ல உசரம் அம்மிணி, ஆறடி. பாத்தான், தலைய அப்படியும் இப்படியும் சாய்ச்சுப் பாத்தான். அதுக்கு இவ சொல்றா, 'மாமா, இன்னும் கொஞ்சம் குனியோணுமுங்.'

கேட்டுக்க. ஊரு முன்னால தாய்மாமனப் பாத்துக் குனியச் சொன்னா. வளத்த மாமன. எனக்குக் காது கூசிப்போச்சு. அவன் பெருந்தன்மைக்காரன், முட்டிய மடக்கிக் குனிஞ்சான். பேப்பர்க்காரன் அதைத்தான் போட்டோ புடிச்சுப் போட்டான். தம்பி கைகூப்பிக் கும்புடற மாதிரியே விழுந்துருச்சு.

படத்துல என்னன்னா, பூமிய வகுந்து வெச்ச மாதிரி. மேல ரோடு, கீழ செம்மண்ணு, அதுக்குக் கீழ பாறை, பாறையில வெடிப்பு, வெடிப்புக்குள்ளாற நீலத் தண்ணி. ஊருக்கெல்லாம் அங்கிருந்துதான தண்ணி வருது. ஒரு ஓரத்துல ஒரு போரு, தண்ணி வத்திப்போன போரு. அதுக்குள்ளாற மேல இருந்து செவப்பா ஒண்ணு எறங்குது. நூலாட்ட எறங்கி, பாறை வெடிப்புல பூந்து, நீலத்துல கலந்து, பிரிஞ்சு பிரிஞ்சு ஒவ்வொரு ஊட்டுக் கெணத்துக்கும் போகுது. இப்படித்தான் இருந்துச்சுன்னு பொறவு சொன்னாங்க. நான் சரியாப் பாக்கல. பக்கத்துல தம்பி பொண்டாட்டியோட ஆரத்தித் தட்டப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துல இருந்து பாத்தா செவப்புப் பெயிண்ட்டக் கொட்டுனாப்பலதான் தெரிஞ்சுது. அப்பறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.

தம்பி நிமிந்தான். 'அது யாரோட போரு கண்ணு?'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான்.

'யாருதுன்னு நான் எழுதலீங் மாமா.'

'இந்தச் செவப்பு எது வரைக்கும் போகும்?'

'வெடிப்பு இருக்கற வரைக்கும் போகுமுங் மாமா. அதை நிறுத்தறதுக்கு அங்க கீழ ஒண்ணுமில்லீங்.'

'நல்லா வரைஞ்சிருக்கற'ன்னு கை தட்டுனான். எல்லாரும் தட்டுனாங்க. அதோட கார்ல ஏறிப் போயிட்டான். கடா விருந்துக்கு நிக்கல. எனக்கு அப்பவே மனசு சரியில்ல.

பண்டிகை முச்சூடும் அங்க கூட்டந்தான். பள்ளத்து ஓரத்துல உக்காந்து காலத் தொங்கப் போடற மாதிரி போட்டோ. உள்ளாற விழுகற மாதிரி போட்டோ. ஒரு கலியாண ஜோடி மாலையோட வந்து, அவன் அவளப் பள்ளத்துக்குள்ளாறயிருந்து கையப் புடிச்சுத் தூக்கற மாதிரி எடுத்தாங்க. செவப்பு நல்லா எடுக்குதுன்னு பொம்பளப் புள்ளைங்க அந்தச் செவப்புக்கிட்டப் போயிப் போயி நின்னுதுங்க. இவ வெயில்ல நின்னுக்கிட்டு, 'சாயத் தண்ணிய வத்துன போர்ல உட்டா இப்படித்தாங்க பரவும், கண்ணுக்குத் தெரியாதுங்க'ன்னு கத்திக் கத்திச் சொல்றா. 'மேடம், கொஞ்சம் தள்ளிக்கங்க, பிரேமுல விழுகறீங்க'ன்னாங்க.

மூணாம் நாள் சாயங்காலம் ஊட்டுக்கு வந்து சுவத்துல சாஞ்சு உக்காந்தா. தொண்டை கட்டிப் போச்சு அவளுக்கு. மொளகு தட்டிப் பாலு குடுத்தேன்.

'அம்மா, அத்தன பேரு வந்தாங்க. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. ஒருத்தரும் அது என்னன்னு கேக்கல. கேட்டது மாமா மட்டுந்தான்.'

'பாத்தியா. உன்ற மாமனுக்குத்தான் உன்ற மேல அக்கறை'ன்னேன்.

என்னைய அப்படியே பாத்தா. பாலக் குடிக்காமப் போய்ப் படுத்துக்கிட்டா. நான் என்ன தப்பாச் சொல்லிப்போட்டேன்?

அந்த வாரமே அது நடந்துபோச்சு. சென்னியப்பன்னு ஒருத்தரு மொப்பெட்டுல வந்தவரு, நெசப் பள்ளம்னு நெனச்சு பிரேக் அடிச்சு விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு உட்டுருச்சுன்னாங்க. தம்பி பட்டறையில கேட்டுக்குக் காவலு அவரு. பாவம், நான் பாக்கப் போனப்ப இடுப்புல இருந்து முட்டி வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தாரு. பேச முடியல. ஆனா அந்தக் கட்டு என்னமோ நல்ல கட்டு அம்மிணி, பாஞ்சு நாள்ல அவரு சைக்கிள் முதிச்சுக்கிட்டுப் போறத நானே பாத்தேன். நாட்டு வைத்தியம் நாட்டு வைத்தியந்தான்.

போலீசுக்குப் போயிருச்சு. ரோட்டுல படம் போட்டு ஆள விழுக வெச்சதுன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தம்பிதான் வந்தான். அவன் வராம வேற ஆரு வருவா?

'அக்கா, பயப்படாத. இன்ஸ்பெக்டரு நமக்கு வேண்டியவருதான். புள்ளயக் கூப்புட்டு ரெண்டு வார்த்த மெரட்டி உட்டுருவாங்க. இனிமே ரோட்டுல மண்டி போட மாட்டா, கலியாணத்தப் பேசி முடிச்சரலாம். நீ வந்து உள்ளதச் சொன்னாப் போதும்'னான்.

அவன் கார்லயே போனேன். தாரணி பெஞ்சில உக்காந்திருந்தா. கையில பெயிண்ட்டுக் கற. என்னையப் பாத்ததும் மொகம் தெளிஞ்சுது அவளுக்கு. எந்திரிச்சு நின்னா. அம்மா வந்துட்டான்னு.

இன்ஸ்பெக்டரு மரியாதையான மனுசன். சேர் போட்டாரு. 'ஏனுங்கம்மா, இந்தப் படத்தப் பாத்து வண்டி ஓட்டறவங்க பயந்து விழுகலாமுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?'ன்னாரு.

'தெரியுமுங்க. எத்தன தடவ சொல்லியிருப்பேன். கேட்டாத்தானுங்க.'

'அப்ப உங்க மகளுக்கும் தெரியும்?'

'சொல்லியிருக்கறேனுங்க.'

தாரணி, 'அம்மா, நீ எப்பம்மா எங்கிட்டச் சொன்ன? நடக்கற எடத்துலதானம்மா வரைஞ்சிருக்குது, அங்க வண்டியே வராதேம்மா'ன்னா. மெதுவாத்தான் கேட்டா.

சொன்னனோ மனசுக்குள்ளாற நெனச்சனோ, பெத்தவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான அம்மிணி? நான் அவளுக்கு நல்லதுக்குத்தான சொன்னேன். மெரட்டி உட்டுருவாங்கன்னுதான சொன்னேன். இன்ஸ்பெக்டரு எழுதிக்கிட்டாரு. தம்பி வெளியில காருக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தான்.

மெரட்டி உடல. கேசாயிருச்சு. கேசுன்னதும் பள்ளிக்கோடத்துல இருந்து சஸ்பெண்டு. 'தெரிஞ்சே செஞ்சிருக்கறாங்க, அவங்கம்மாவே சொல்றாங்க'ன்னு பெரியாபீசுல சொன்னாங்களாம். அவங்க எதுக்கோ எதையோ முடிச்சுப் போட்டாங்க. நான் சொன்னது அதுக்கில்ல.

படத்த என்ன பண்ணுனாங்கன்னு கேளு. அந்த மாசமே தம்பி முன்ன நின்னு பஸ் ஸ்டாண்டு முச்சூடும் தாரு போட வெச்சுட்டான். எத்தன வருசமாக் குண்டும் குழியுமாக் கெடந்த எடம். இப்பப் போயிப் பாரு, கண்ணாடியாட்ட இருக்குது. நெனச்சுப் பாத்தா இவ படத்தாலயும் ஊருக்கு ஒரு நல்லது நடந்துருச்சு.

தாரு போடற அன்னிக்கி இவ போயி அங்க நின்னா. நானும் பொறத்தாலயே போனேன், ஏதாச்சும் சண்டை, ஓரியாட்டம் பண்ணிப்போடுவாளோன்னு. பண்ணல. ரோலரு வந்து கொசுப் படத்து மேல ஏறுச்சு, அப்பறம் அந்தப் பள்ளத்து மேல. பாத்துக்கிட்டே நின்னா. அந்தப் பூக்காரச் செல்லாயா மட்டும் பக்கத்துல வந்து, 'என்ற பேத்திக்கு ஒடம்பெல்லாம் புண்ணு கண்ணு, தண்ணிய மாத்தோணும்னு நீ சொன்னயே, நாங்க எங்க போயி மாத்தறது'ன்னா. இவ அவ கையப் புடிச்சுக்கிட்டா. சொல்றதுக்கு என்ன இருக்குது? எல்லாத்துக்கும் கேன் தண்ணி வாங்க முடியுமா. செல்லாயா ஒரு மொழம் பூவ இவ கையில வெச்சுப்போட்டுப் போனா. அந்தப் பேத்தி தையில செத்துப்போச்சு. அந்தத் தெருவுல புள்ளைங்களுக்கு ஒடம்பு எப்பவுமே அப்படித்தான், சுத்தமில்ல பாரு.

ஊட்டுக்குத் திரும்பி வர்றப்பத்தான் இவ எங்கிட்டக் கேட்டா.

'அம்மா, நீ அந்தப் பாதத்து மேல ஒருக்காவாச்சும் நின்னு பாத்தியா?'

'எங்கடி நேரம்? பண்டிகை, ஊட்டுக்கு வந்த ஒறம்பர, அப்பறம் போலீசு'ன்னேன்.

'அந்த முக்காலியில குச்சிய உன்ற உசரத்துக்குத்தாம்மா வெச்சேன். உன்ற கண்ணு உசரத்துக்குத்தான் அதை வரைஞ்சேன். எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. நீ மட்டும் நேரா நின்னாப் போதும்னு வரைஞ்சேன்.'

அழுகல அம்மிணி அவ. பஸ்ஸு நேரத்தச் சொல்ற மாதிரி சொன்னா.

எனக்குக் கோவந்தான் வந்துச்சு. நானென்ன உசரம், எந்திரிச்சு நின்னா உன்ற தோளுக்கு வருவேன் அம்மிணி. என்ற உசரத்துக்கு வரைஞ்சு வெச்சா ஊரு எப்படிப் பாக்கும்? ஊருக்கு வரையறவ ஊரு உசரத்துக்கில்ல வரையோணும்? அதனாலதான அந்தத் தாய்மாமன் குனிய வேண்டியதாப் போச்சு. அப்படியே சொல்லியும் போட்டேன். 'உன்ற மாமன் குனிஞ்சதுதான்டி எல்லாத்துக்கும் காரணம்'னு.

அதுக்கு மேல அவ எங்கிட்டப் பேசல. ஊட்டுக்குள்ளாற ரெண்டு பேரு, சோறு போடுவேன், திம்பா, தட்டக் கழுவி வெப்பா. அப்படியே கொஞ்ச காலம். தம்பி அப்பவும் பெரிய மனசு பண்ணி, 'நடந்தது நடந்து போச்சு, கௌசிக் கட்டிக்கறேங்கறான், அக்கா'ன்னான். வேலையும் திரும்ப வாங்கித் தர்றேன்னான். ஒரே ஒரு வார்த்த, அந்தப் படம் கற்பனைன்னு பேப்பர்ல சொல்லச் சொன்னான். அவ்வளவுதான். சொன்னா என்ன கொறஞ்சு போகும்? படம்னாலே கற்பனைதான? நான் போயி அவகிட்டச் சொன்னேன். மறுநாக் காலையில குளிச்சு, வாசல் தெளிச்சு, காப்பி போட்டு எனக்கொரு டம்ளரு வெச்சுப்போட்டு, பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. நான் கடைக்குத்தான் போறான்னு நெனச்சேன். காப்பி நல்லா இருந்துச்சு.

அவளுக்குத் தெரிஞ்ச ஒருத்தரு மூலமா அங்க தர்மபுரில இருக்கறான்னு தெரிஞ்சுக்கறதுக்கே வருசமாயிருச்சு. கேசு இன்னும் நடக்குது. பிரைவேட்டுல சம்பளம் என்ன குடுத்துருவாங்க. படம் வரையறாளான்னு அவருகிட்டக் கேட்டேன். போர்டுல கூடப் படம் போடறதில்லையாம், எல்லாத்தையும் எழுதித்தான் போடறாளாம். நல்லதுதான். பட்டது போதும்.

என்ற கையப் பாக்கறயா? அதொண்ணுமில்ல, அரிப்பு. குளிச்சா அரிக்குது. எங்கூட்டு போர்த் தண்ணி இப்பக் கொஞ்சம் நெறமா வருது, காலையில மட்டும். பைப்பு துருன்னு தம்பி சொல்றான். பைப்ப மாத்திக் குடுக்கறேன்னிருக்கறான். வயசானா தோலு அரிக்கத்தான செய்யும்? கிட்னி டெஸ்டு ஒண்ணு எழுதிக் குடுத்தாரு டாக்டரு, நான்தான் போகல. எனக்கு ஒண்ணுமில்ல.

நான் மாசத்துக்கு ஒருக்கா போவேன். பள்ளிக்கோடம் எதுத்தாப்புல ஒரு செருப்புக் கடை இருக்குது, அந்த நெழலு பத்தாது, இருந்தாலும் அங்க நிப்பேன். சாயங்காலம் பெல்லடிச்சா புள்ளைங்கெல்லாம் வரும், அப்பறம் டீச்சருங்க. இவ கடைசியா வருவா. எளைச்சுப் போயிட்டா. கண்ணாடி போட்டிருக்கறா. ரோட்டத் தாண்டிப் போயிக் கூப்புடலாம்னு ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு வேகமாப் போயிருவா. என்னையப் பாக்கலன்னுதான் இத்தன நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இன்னிக்கி மதியமே போயிட்டேன். நல்ல வெயிலு. கொஞ்ச நேரத்துல அந்த ஸ்கூல் ஆயா கேட்டத் தெறந்துக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தா. கையில ஒரு டம்ளரு மோரு.

'தாரணி டீச்சரு குடுக்கச் சொன்னாங்க. வெயில்ல நிக்க வேண்டாம்னு சொன்னாங்க'ன்னா.

டம்ளர வாங்குனவ குடிக்கல அம்மிணி. 'என்னையத் தெரியுதா அவளுக்கு? அம்மான்னு சொன்னாளா?'ன்னு கேட்டேன்.

'செருப்புக் கடைகிட்ட நிக்கறவங்கன்னு சொன்னாங்க. மாசா மாசம் பாக்கறாங்களாம்.'

அதென்னமோ, பள்ளிக்கோடத்துல மத்தவங்க முன்னால எப்படி அம்மான்னு சொல்லுவா? டீச்சருக்கு ஒரு மரியாதை இருக்குதில்ல. மோரக் குடிச்சேன். உப்புக் கொறச்சுப் போட்டிருந்தா, எனக்குப் பிரசரு இருக்குதுன்னு அவளுக்குத் தெரியும். மறக்கல பாரு. ஆயா டம்ளர வாங்கிக்கிட்டா. போறவ திரும்பி, 'ஈரோட்டு பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குமாம். இனிமே வர வேண்டாம்னும் சொல்லச் சொன்னாங்க'ன்னா.

நான் மாடியப் பாத்தேன். ஒரு சன்னல்ல ஆளு நின்ன மாதிரி இருந்துச்சு. வெயிலு கண்ணுல அடிச்சுது, சரியாத் தெரியல. கை தூக்குனேன். அங்கிருந்து சன்னல ஆரோ சாத்துனாங்க. வெயிலு உள்ளாற வருமில்ல, அதுக்காகச் சாத்தியிருப்பாங்க.

இனிமே வர வேண்டாம்னா என்ன அர்த்தம்? இந்த வெயில்ல வர வேண்டாம்கறா. அதைத்தான் அந்த ஆயா சுருக்கமாச் சொல்லிப்போட்டா, ஆயாவுக்கு என்ன தெரியும். ஐப்பசில மழை எறங்குனா வெயிலு தாழ்ந்துரும். அப்ப வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. என்ன இருந்தாலும் பெத்தவ நான். நீயும் படிச்ச புள்ளதான, நீயே சொல்லு. அப்படித்தான அர்த்தம்?

என்ன அம்மிணி, எந்திரிச்சுட்ட? இன்னும் ஈரோடு வரலியே, இது பவானிதான். முன்னால சீட்டு காலியா இருக்குதுன்னு போறயா. சரி, போ கண்ணு. போயி உக்காரு. நல்லாப் படி.